துருவைத் துடைப்பதற்கு முன்

பழைய கைக்கருவி ஒன்று பரணிலிருந்து இறங்கியதும் வீட்டிலுள்ளவர்கள் முதலில் தேடுவது உப்புத்தாளையும் மண்ணெண்ணெயையும்தான். அவற்றைக் கொஞ்ச நேரம் எட்ட வைத்துவிட்டு, கருவி கிடந்த கோலத்திலேயே அதைப் படம் எடுங்கள். அதைப் புழங்கியவரோ புழங்கியதைப் பார்த்தவரோ வீட்டில் இருந்தால், துருவோடும் அழுக்கோடும் அவர் கையில் கொடுத்துப் பேச விடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கடலூரில் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு முதுநகர், தேவனாம்பட்டினம், புதுச்சேரி ஆகிய இடங்களில் தெரிந்த குடும்பங்களின் உளி, மரத்தை இழைக்கும் இழைப்புளி, செதுக்கும் வாய்ச்சி, அரம், துளையிடும் துறப்பணம் போன்றவற்றைப் படமெடுத்து, அவற்றுக்குரிய நினைவுகளையும் எழுதி வைத்து, ஆர்வமுள்ள நண்பர்களோடு பகிர்ந்து வருகிறேன். அதில் பிடிபட்ட சில விவரங்களை இங்கே எழுதுகிறேன்.

துடைப்பதற்கு முன் படம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமான கருவிகள் முதுநகரில் உப்பனாற்றங்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் இருந்தன. படகு கட்டும் தச்சராக இருந்து மறைந்தவரின் பெட்டி அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் பைபர் படகுகள் பெருமளவில் வந்துசேர்ந்தன. கட்டுமரத்துக்கும் சிறிய மரப்படகுக்கும் வேலை குறைந்தபோது பெட்டியும் பரணேறிவிட்டது. உள்ளே, உளி போலவே தோன்றும் நான்கைந்து இரும்புகள் இருந்தன. வாய் அகலமாகவும் மொண்ணையாகவும் இருந்தது. ஓரத்தில் கறுப்பாக ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது. கூர் மழுங்கிய உளிகள் என்று நினைத்த மகன், அவற்றைச் சாணை பிடித்து வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, எண்பது வயதைக் கடந்தவர், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "அது வெட்டுற உளி இல்லடா. பஞ்சு அடிக்கிற உளி. கூர் வச்சா பஞ்ச அறுத்துப் போட்டுடும்" என்றார்.

மரப்படகின் பலகை இடுக்குகளில் பருத்திப் பஞ்சைத் திரியாக முறுக்கி அடித்து இறக்கி, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசித் தண்ணீர் புகாமல் அடைக்கும் வேலையைக் கலப்பத்து என்பார்கள். அந்த வேலைக்கான இரும்புகளே அவை. ஓரத்தில் ஒட்டியிருந்தது பழைய குங்கிலியம். நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் தேய்த்தபோது சாம்பிராணியை நினைவூட்டும் மணம் மெலிதாக வந்தது. அந்தக் கறுப்பைச் சுரண்டி, வாயைச் சாணை பிடித்திருந்தால், அந்த இரும்பு எதற்காகச் செய்யப்பட்டது என்பதற்கான சான்று இரண்டும் ஒரே பிற்பகலில் போயிருக்கும்; பார்ப்பதற்கு அழகான, ஆனால் எந்த வேலைக்கும் உதவாத ஓர் உளி மிஞ்சியிருக்கும்.

பெரியப்பா அத்தோடு நிறுத்தவில்லை. அருகிலிருந்த கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலை எடுத்து, இரும்பைப் பலகையின்மேல் நிறுத்தித் தட்டிக் காட்டினார். பஞ்சு தளர்வாக இருக்கும்வரை அடி மந்தமாக ஒலிக்குமென்றும், இடுக்கு நிறைந்து இறுகியதும் ஓசை கணீரென்று மாறுமென்றும், அதைக் காதால் கேட்டே அடுத்த இடத்துக்கு நகர்வார்கள் என்றும் சொன்னார். புகைப்படத்தில் அடங்காத செய்தி இது. அன்றுமுதல், கருவியைப் படமெடுக்கும்போதே கைப்பேசியில் ஒலிப்பதிவையும் ஓடவிடுகிறேன். இரண்டையும் வேறுவேறு நாளில் வைத்துக்கொண்டால், முதியவர்கள் இரண்டாம் நாளில் முதல் நாளின் சுருக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

படமெடுப்பதற்கு விலையுயர்ந்த கேமரா எதுவும் வேண்டாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உச்சி வெயிலிலும் பிளாஷ் போட்டும் எடுத்த படங்களில் இரும்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். காலையிலோ மாலையிலோ, நேர் வெயில் விழாத சன்னலோரம் ஒரு பெஞ்சைப் போட்டு, சாம்பல் நிறத் துணி ஒன்றை விரித்து, கருவியை அதன்மேல் கிடத்துங்கள். வெள்ளைத் துணியில் வைத்தால் கைப்பேசி, வெளிச்சம் மிகுதி என்று எண்ணி இரும்பை இருட்டாக்கிவிடுகிறது. அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். இது சிறிய காரியம்போலத் தோன்றினாலும் இதை விட்டுவிட்டால் படத்தின் பாதி மதிப்பு போய்விடும். தச்சு முழக்கோலுக்கு இது மிகவும் பொருந்தும். 24 கூறுகளாகப் பகுக்கப்பட்டு ஏறக்குறைய 33 அங்குலம் வரும் அந்தக் கோலைத் தச்சர்கள் தம் கையாலேயே செய்துகொண்டார்கள். பக்கத்தில் டேப்பை விரித்து எடுத்த படம் இருந்தால்தான், ஒரு வீட்டுக் கோலுக்கும் இன்னொரு வீட்டுக் கோலுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை ஒப்பிட முடியும்.

தேய்ந்துபோன முத்திரைகளைப் படிப்பதற்கு ஒரு வழி உண்டு. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைக் கருவியின் பரப்போடு ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து, மெல்லச் சுற்றிக்கொண்டு வாருங்கள். நேரே பார்த்தால் ஒன்றுமில்லாத இரும்பில், ஏதோ ஒரு கோணத்தில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் எழும்பும். அந்தக் கோணத்தில் ஒரு படம், அதற்கு எதிர்க்கோணத்தில் ஒரு படம் எடுங்கள். எழுத்தில் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்த்துப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்தப் பொடி துருவின் துளைகளுக்குள் போய்விட்டால் எளிதில் வெளியே வராது.

எந்தப் பக்கங்களை எடுப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும். வாள் என்றால் பற்களை மிக அருகில் எடுக்க வேண்டும். நம் பழைய தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு, வாளைத் தம்மை நோக்கி இழுக்கும்போது அறுத்தார்கள். ஆகவே பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். இங்கிலாந்து வாள்களில் பற்கள் முனையை நோக்கியிருக்கும். அவை தள்ளும்போது அறுப்பவை. பற்களின் சாய்வு தெரியும் ஒரே ஒரு படம், வாளைப் பிடித்தவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தாரா, மேசையருகே நின்று செய்தாரா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். உளியும் இழைப்புளி அலகும் என்றால் சரிவான வாய்ப்பகுதியை எடுங்கள். பழைய கருவிகளில் மெல்லிரும்பு உடலின்மேல் கடினமான எஃகுத் தகட்டை உலையில் வைத்து அடித்து இணைத்திருப்பார்கள். தீட்டிய வாயில் எஃகு பளிச்சென்றும் இரும்பு சற்று மங்கலாகவும் தெரிய, இரண்டுக்கும் நடுவே மயிரிழைக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்கும் நுனிக்கும் இடையிலுள்ள எஃகு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே, எத்தனை காலம் தீட்டித் தீட்டிப் புழங்கினார்கள் என்பது விளங்கிவிடும். பிடியையும் மறக்கக் கூடாது. பெருவிரல் பட்ட பள்ளம் எந்தப் பக்கம் என்பதைக் கொண்டு, அந்த மனிதர் இடக்கைக்காரரா என்பதுகூட வெளிப்பட்டதுண்டு. பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஒரு செய்தி தரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

புதுச்சேரியில் கிடைக்கும் கருவிகளுக்குத் தனிச்சுவை உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் நடந்த ஊர் என்பதால், சென்னை வழியாக வந்த இங்கிலாந்துச் சரக்கும் கப்பலில் நேரே வந்த பிரெஞ்சுச் சரக்கும் ஒரே பட்டறையில் கலந்து கிடக்கும். ஓர் இழைப்புளியின் அலகில் சிங்க முத்திரையோடு பெஜோ என்ற பெயரைக் கண்ட இளைஞர் ஒருவர், கார் நிறுவனத்தின் பெயரை யாரோ போலியாகப் பொறித்திருக்கிறார்கள் என்று அடித்துப் பேசினார். உண்மை நேர்மாறானது. பெஜோ குடும்பத்தார் கார் செய்யத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே வாள் தகடும் கருவிகளும் செய்தவர்கள்; அந்தச் சிங்கத்தை 1858 இல் முத்திரையாகப் பதிவு செய்ததே எஃகுப் பொருள்களுக்காகத்தான்.

அளவுகோல்களும் இப்படித்தான் பேசும். இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956 இல் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே சென்டிமீட்டர் மட்டுமே பொறித்த பழைய மடக்குக்கோல் ஒன்று புதுச்சேரி வீட்டில் இருந்தால், அது பிரெஞ்சுச் சரக்காகவோ, 1958க்குப் பிற்பட்டதாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. சட்டம் வந்து இவ்வளவு காலமாகியும், அங்குலத்தை எட்டாகப் பகுத்து நூல் கணக்கில் பேசுவதை நம் தச்சர்கள் விடவில்லை. "ரெண்டு நூல் எடு" என்றால் கால் அங்குலம் இழைக்க வேண்டும் என்பது இன்றைக்கும் எல்லோருக்கும் புரிகிறது.

தேதி குறிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஸ்டான்லி இரும்பு இழைப்புளிகள் சிலவற்றில், அலகைத் தாங்கும் பகுதிக்குப் பின்னால், 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்று தேதிகள் வார்ப்பிலேயே இருக்கும். இவை காப்புரிமை பெற்ற நாள்கள். 1902 என்று பார்த்தவுடன் அந்த ஆண்டில் செய்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் மூன்று தேதிகளும் உள்ள இழைப்புளி 1910க்கு முற்பட்டதாக இருக்கவே முடியாது, 1910 முதல் 1918 வரையிலான காலத்தைச் சேர்ந்தது என்பதே சேகரிப்பாளர்களின் கணக்கு. புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் வாங்கும்போது, உடல் ஒரு கருவியுடையதும் அலகு வேறொன்றுடையதும் பிடி உள்ளூர்த் தச்சர் செய்ததுமாக இருப்பது வழக்கம். வியாபாரி அதைக் குறை என்று மறைப்பார். எனக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. பிடி உடைந்தபோது கருவேலங்கட்டையில் புதிதாகச் செதுக்கிப் போட்டவரின் கையும் அந்தக் கருவியின் வரலாறுதானே. மாற்றப்பட்ட பகுதி எது என்பதைப் படத்தின் குறிப்பில் எழுதிவிட்டால் போதும்.

நினைவுகளைக் கேட்பதற்கு வருவோம். "இது என்ன?" என்று கேட்டால் பெயர் மட்டும் வரும். "இதை எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று கேட்டால் கை தானாக நீளும், கையைத் தொடர்ந்து பேச்சும் வரும். யார் வாங்கியது, எந்தக் கடையில், பிடி போட்டவர் யார், பக்கத்துப் பட்டறைக்கு இரவல் போகுமா, பணமுடை வந்தபோது அடகுக்குப் போனதா என்று பொருளை ஒட்டியே கேள்விகள் இருக்கட்டும். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் எழுந்து வரக் கூடாது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில், கயிறு சுற்றிச் சுழற்றும் பழைய துறப்பணத்தைப் பற்றி ஆண்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கதவோரம் நின்றிருந்த மூத்த அம்மா, "நகருங்கப்பா, எங்கப்பாவுக்குக் கயிறு இழுத்தவ நான்" என்று வந்து உட்கார்ந்தார். தந்தை மேற்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, எதிரே அமர்ந்து கயிற்றின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுத்தது அவர்தானாம். ஓட்டை முடியும் தறுவாயில் இழுப்பைத் தளர்த்தாவிட்டால் பலகையின் மறுபக்கம் சிலும்பிவிடும் என்பதையும், அப்படிச் சிலும்பினால் மண்டையில் ஒரு குட்டு விழும் என்பதையும் சொல்லிச் சிரித்தார். அந்தக் குடும்பத்தில் யாருக்குமே அது அதுவரை தெரியாது.

சுவரில் தொங்கும் பழைய புகைப்படங்களையும் கருவிகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு ஆயுத பூஜை என்பது ஸ்டூடியோக்காரரை அழைத்துப் படமெடுத்துக்கொள்ளும் நாளாகவும் இருந்தது. எல்லாக் கருவிகளையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பலகையில் வரிசையாக அடுக்கி, பின்னால் மேஸ்திரி முதல் எடுபிடிப் பையன்வரை நிற்கும் படம், பட்டறையின் சொத்துப் பட்டியலுக்குச் சமம். அவர்களுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆண்டு படிக்க முடிந்தால், படத்திலுள்ள ஒவ்வொரு கருவியும் அந்த ஆண்டில் அந்தப் பட்டறையில் இருந்தது என்பது உறுதியாகிவிடுகிறது. இன்றைக்குக் கையிலிருக்கும் கருவியை, படத்தில் அது வைக்கப்பட்ட அதே பக்கம் தெரியுமாறு எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தால், பிடியிலுள்ள பிளவையோ ஒட்டுப்போட்ட இடத்தையோ கொண்டு அதே கருவிதான் என்று அடையாளம் காணவும் முடிகிறது.

இந்தப் படங்களைக் கையாள்வதில் பொறுமை வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் பல படங்கள் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேனரில் வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் எடுத்துவிடுங்கள். 2011 இறுதியில் வந்த தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் இந்த மாவட்டத்தில் நனைந்த ஆல்பங்கள் ஏராளம். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால் பிரிப்பது கடினம். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்நீரில் மெல்லப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்னணு வடிவில் காப்பாற்றும் பணியைப் புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் மேற்கொண்டிருக்கிறது. குடும்பப் படங்கள் ஆய்வாளர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

படமும் பேச்சும் பதிவான பிறகு துடைக்கலாம். அதிலும் கை அடக்கம் வேண்டும். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்த்தால் முத்திரை முதலில் போய்விடும். சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாய்ந்துவிட்டால், ஏறக்குறைய 300 டிகிரிவரை சூடேறிப் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பிறகு அந்த உளி கூர் நிற்காது. மெல்லிய எஃகுப் பஞ்சும் தையல் இயந்திர எண்ணெயுமே பெரும்பாலான கருவிகளுக்குப் போதும். கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நம் கரையோர ஊர்களில் பாலிதீன் பையில் சுற்றி வைப்பதைப்போலக் கெடுதல் வேறில்லை. உள்ளே ஈரம் அடைபட்டுத் துரு பெருகும். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும், கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

பகிரும்போது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, முத்திரையின் எழுத்துகள் கரைந்துவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும் மூலக்கோப்பில் வீடு இருக்கும் இடமும் பதிவாகியிருக்கலாம். பழம்பொருள் வாங்குவோர் அதைப் பார்த்து வீட்டு வாசலுக்கே வந்து, தனியே இருக்கும் முதியவர்களிடம் எடைக்கு எடை விலை பேசிய கதை எனக்குத் தெரியும். ஆகவே இடக்குறிப்பை நீக்கிவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். ஊரின் பெயருக்கு மேல் எதுவும் எழுதுவதில்லை. கோப்பின் பெயரில் கருவி, ஊர், படமெடுத்த ஆண்டு மூன்றும் இருந்தால் பின்னால் தேடுவது எளிது.

முதியவர்களுக்குக் கைப்பேசியில் காட்டுவதோடு நிறுத்தாமல், படங்களைப் பெரிதாக அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். திரையில் விரலால் தள்ளிப் பார்ப்பதைவிட, மடியில் வைத்துப் பார்க்கும் படத்தில் அவர்களின் கண் நெடுநேரம் நிற்கிறது. முதல் நாள் சொன்னதில் திருத்தமும், சொல்லாமல் விட்ட ஆள்களின் பெயர்களும் அப்போதுதான் வருகின்றன. அச்சுப்படத்தோடு ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒலிப்பதிவை வாசலிலேயே தொடங்கிவிடுங்கள்.